லிஃப்ட் வாங்கக் கிளம்பியிருக்கும் தம்பிமாருக்கு

பெரியதாழையிலும், மணப்பாட்டிலிருந்து உவரி வரைக்கும் உள்ள கடற்கரை ஊர்களிலும், வீட்டோடு கொட்டகை போட்டு வண்டி வேலை பார்க்கும் தம்பிமார் எல்லோருக்கும்,

கோயம்புத்தூரிலிருந்து விலைப்பட்டியல் வந்திருக்கிறது, ஆளுக்கொரு லிஃப்ட் போட்டுவிடலாம் என்று உங்களுக்குள் பேச்சு ஓடுகிறதாம். என்னிடமே சிலர் வந்து யோசனை கேட்டீர்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் தூக்குக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறீர்கள், கேட்பது நியாயம்தான். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி, அது தெருவுக்குத் தெரு வேறு வேறாக மாறுவதைவிட, எல்லோரும் வாசிக்கும்படி எழுதிவிடுவது மேல் என்று பட்டது.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க உயரம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆளுக்கொரு லிஃப்ட் வேண்டாம். உங்களுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் லிஃப்ட் இல்லாமலே அந்த உயரத்தில் முடிக்கலாம். மீதி வேலைக்கு ஊருக்கு ஒன்று போதும்.

உயரம் ஏன் வேண்டும் என்பதை வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். நம் கரையில் வண்டி கெடுவது மேலே இல்லை, கீழே. மீன் பெட்டியில் ஐஸ் உருகி, உப்பும் மீன் நீரும் கலந்து, பலகை இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சேசிஸில் விழுகிறது. கமான் பட்டைக்கும் யு போல்ட்டுக்கும் நடுவில் தங்குகிறது. பிரேக் குழாயைச் சேசிஸோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் ஈரம் காய்வதே இல்லை. குழாய் முதலில் ஓட்டை விழுவதும் அங்கேதான். மதுரையில் ஓடும் குட்டியானையின் அடிப்பாகத்தையும், இங்கே மீன் ஏற்றும் குட்டியானையின் அடிப்பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வருடத்து வண்டி என்று யாரும் நம்ப மாட்டார்கள். உப்புக் காற்று இரும்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகவே, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்திலும் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலும் நிலையம் வைத்திருக்கிறது. அவர்கள் தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். நீங்கள் மல்லாக்கப் படுத்துப் பார்க்கிறீர்கள்.

அந்தப் படுக்கையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. சென்ற மாதம் ஒரு கொட்டகையில் நின்றேன். பொலிரோ பிக்கப்பின் பின்பக்கம் ஒரு பாட்டில் ஜாக்கியில் நிற்கிறது. ஜாக்கிக்கு அடியில் ஒரு துண்டு தென்னங்கட்டை. கட்டைக்கு அடியில் மணல். முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல். பையன் இடுப்பு வரைக்கும் உள்ளே இருக்கிறான், வெளியே தெரிவது இரண்டு கால் மட்டும். ஸ்பேனரை அவன் ஒவ்வொரு முறை எக்கி இழுக்கும்போதும் ஜாக்கியின் தலை ஒரு நூல் அசைகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. திடுக்கிட்டுத் திரும்பினால் அதுவே போதும், வண்டி சாய்ந்துவிடும். அவன் வெளியே வந்த பிறகுதான் திட்டினேன்.

கணக்கைப் பாருங்கள். காய்ந்த, இளகிய மணல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் தாங்கும் என்று கட்டடப் பொறியாளர்கள் வைத்துக்கொள்வார்கள். காலி வண்டியின் பின்பக்கம் 600 கிலோ என்று வையுங்கள். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அடித்தட்டுள்ள ஜாக்கி அதை மணலில் நேராக இறக்கினால், சதுர மீட்டருக்கு 60 டன். ஆறு மடங்கு. அதே ஜாக்கியை ஓர் அடிக்கு ஓர் அடி கனமான இரும்புத் தகட்டில் வைத்தால் 7 டன்னுக்குள் வந்துவிடும். தகடு பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். லிஃப்ட் வருகிறதோ இல்லையோ, இந்தத் தகடும், 3 டன் தாங்கும் இரண்டு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டும் இந்த வாரமே உங்கள் கொட்டகைக்கு வர வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் நிறுத்துவதற்கு. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலை போகக் கூடாது. செங்கலும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் இல்லை. அவை நொறுங்கும் முன் வளைந்து எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் தூளாகும்.

இனி லிஃப்ட் விஷயத்துக்கு வருவோம். நல்ல கம்பெனி இரண்டு கால் லிஃப்ட், 4 டன் தூக்குவது, பொதுவாக ஒன்றேகால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை போகிறது. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கோயம்புத்தூரில் ஏ.டி.எஸ். எல்ஜி போன்றவர்கள் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். சீனாவிலிருந்து வருவது இன்னும் மலிவு. விலையைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஆசை வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத செலவுகள் நம் ஊரில் பெரிது.

முதல் செலவு தரை. இரண்டு கால் லிஃப்டில் தூணின் அடியில் இறங்குவது எடை மட்டும் இல்லை. கைகள் உள்பக்கம் நீண்டு வண்டியைத் தாங்குவதால், தூண் உள்ளே சாய்ந்து விழப் பார்க்கும். அதைச் சாயவிடாமல் பிடித்திருப்பது தரைக்குள் இறங்கிய ஐந்தாறு ஆங்கர் போல்ட்டுகள்தான். போல்ட்டைப் பிடித்திருப்பது கான்கிரீட். கொட்டகைத் தரையில் மணலைத் தட்டி மூன்று அங்குலம் பூசி வைத்திருக்கிறோமே, அது போல்ட்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். கம்பி கட்டி, குறைந்தது ஆறு அங்குலக் கனத்தில், பழைய தரையை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும். கடற்கரைச் சூழலில் கம்பி கட்டிய கான்கிரீட் எம் 30க்குக் குறையக் கூடாது என்று ஐ.எஸ். 456 விதி சொல்கிறது. கடல் மணலை அள்ளிக் கலக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு உள்ளே இருந்தே கம்பியைத் தின்னும். தேரிச் செம்மணலும் ஆகாது. எம்-சாண்ட் வெளியிலிருந்து வர வேண்டும், வண்டி வாடகை உண்டு.

அடுத்தது கூரை. குட்டியானையே ஆறடி உயரம். அதன் மேல் மீன் பெட்டி. அதை ஆறடி தூக்கினால் பதிமூன்று அடியாவது வெற்றிடம் வேண்டும். உங்கள் கொட்டகைத் தகரம் எத்தனை அடியில் இருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள்.

கரண்டைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மோட்டார் 3 குதிரைத் திறன், பெரும்பாலும் மூன்று பேஸ். ஒரு பேஸில் ஓடுவதும் வருகிறது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வீடு தண்ணீர் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் விழுந்து கிடக்கும், பாதி உயரத்தில் மோட்டார் முக்கும். தவிர வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்வாரியம் சும்மா இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. மீன் வண்டியைத் தின்கிற அதே காற்று லிஃப்டையும் தின்னும். மலிவு லிஃப்டின் பெயிண்ட் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். இரண்டு தூணும் ஒரே மட்டத்தில் ஏறுவதற்காக ஓடும் ஸ்டீல் கம்பிக் கயிறு தூணுக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் இழைகள் அறுவதை நீங்கள் பார்க்க முடியாது. துணியைச் சுற்றிக் கயிற்றின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே இழை அறுந்திருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

செகண்ட் ஹாண்ட் லிஃப்ட் பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாதுகாப்பு லாக். லிஃப்டில் ஏறிய வண்டி எண்ணெயின் மேல் நிற்கக் கூடாது. சீல் ஒன்று போனால் இறங்கிவிடும். ஏற்றும்போது இரண்டு தூணிலும் டக், டக் என்று லாக் விழும் சத்தம் கேட்கும். வேண்டிய உயரத்துக்கு மேல் கொஞ்சம் ஏற்றி, பிறகு இறக்கி, அந்த லாக்கின் மேல் உட்கார வைக்க வேண்டும். ஒரு பக்கம் டக் என்று கேட்டு மறுபக்கம் கேட்கவில்லை என்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். லாக்கைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கும் லிஃப்டைக்கூட நான் பார்த்திருக்கிறேன். இறக்கும்போது லாக்கை விடுவிக்கும் அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்க.

வாட்டர் சர்வீஸ் மூடிய இடத்தில் ஒற்றைத் தூண் லிஃப்ட் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறார்கள் என்றும் ஒருவர் சொன்னார். அந்த லிஃப்டுக்கு நல்ல வம்சாவளி. 1925இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் பீட்டர் லூனாட்டி என்ற மெக்கானிக், முடி வெட்டும் கடை நாற்காலி உயர்ந்து இறங்குவதைப் பார்த்து, காரையும் இப்படி ஏற்றினால் என்ன என்று செய்ததுதான் உலகத்தின் முதல் ஹைட்ராலிக் வண்டி லிஃப்ட். கம்ப்ரசர் காற்று எண்ணெயை அழுத்தும், எண்ணெய் தண்டைத் தள்ளும். தண்டின் விட்டம் 27 சென்டிமீட்டர் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 7 கிலோ அழுத்தத்திலேயே 4 டன் எழும்பும். கருவி அருமையானதுதான். ஆனால் அதன் உடம்பு ஆள் உயரத்துக்கு மேல் மண்ணுக்குள் புதைந்திருக்கும். தோண்டி எடுத்து, நம் ஊர் உவர் நீரில் மறுபடி புதைத்தால் துரு வெளியே தெரியாமலே வேலையை முடித்துவிடும். எண்ணெய் கசிந்தால் பக்கத்து வீட்டுக் கிணற்றில் மிதக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

குழி வெட்டுவதும் இதே கதை. மணல் சரியும், கடலை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் ஊறும். பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி.யும் காற்றைவிடக் கனம். குழிக்குள் இறங்கித் தேங்கும். அங்கே கையில் பிடித்த பல்பு ஒன்று உடைந்தால் ஏறி வர நேரம் இருக்காது.

சரி, வேண்டாம் வேண்டாம் என்றே சொல்கிறேனே, வேண்டியது என்ன?

லாரி ஷெட்டுகளிலும் பழைய டிப்போக்களிலும் பார்த்திருப்பீர்கள். இணையாக இரண்டு சுவர், ஒரு பக்கம் சாய்தளம். வண்டியை ஓட்டி மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, நடுவில் நடந்து போய் கிரீஸ் அடிப்பார்கள். ரேம்ப் என்பார்கள். மோட்டார் இல்லை, எண்ணெய் இல்லை, கயிறு இல்லை, லாக் இல்லை. உப்புக் காற்று அதைத் தின்ன நாளாகும். தரைக்கு மேலே நிற்பதால் நீர் ஊறும் பிரச்சினையும் இல்லை. விலைப்பட்டியலில் இது வராது, ஏனென்றால் இதை விற்க ஆள் இல்லை. கட்டத்தான் ஆள் உண்டு.

அளவு சொல்கிறேன், கொத்தனாரிடம் காட்டுங்கள். சுவரின் உயரம் நாலடி. வண்டியின் சொந்த உயரமும் சேர்ந்தால் சேசிஸ் உங்கள் நெற்றிக்கு நேரே வரும். லேசாகக் குனிந்து நிற்கலாம், அல்லது முக்காலியில் உட்காரலாம். இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். இந்த அளவில் குட்டியானையும் ஏறும், பொலிரோவும் ஏறும், ஆம்னியும் ஏறும். மேலே சமதளம் 4 மீட்டர். நீளமான பிக்கப் வரும் என்றால் 5 மீட்டராக வையுங்கள். சாய்தளம் ஒன்றுக்கு ஐந்து என்றால் 6 மீட்டர். இதைவிடச் செங்குத்தாக வைத்தால் கிளட்ச் தேய்ந்த வண்டி பாதியில் நின்று புகையும். வெளி ஓரத்தில் அரை அடி உயரத்துக்கு வரம்பு, முடிவில் ஓர் அடி உயரத்துக்குத் தடுப்பு. இரண்டும் இல்லாமல் கட்டவே கூடாது. அடித்தளத்தை நல்ல அகலமாக விரித்துப் போடச் சொல்லுங்கள். மேலே சொன்ன மணல் கணக்கு சுவருக்கும் பொருந்தும். மேலே நிறுத்தியதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை ஆப்பு. ஹேண்ட் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும் மீன் வண்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.

கல், சிமெண்ட், கூலி எல்லாம் சேர்த்து, என் கணக்கில், தரையோடு சேர்ந்த ஒரு புது லிஃப்டின் செலவில் பாதியைத் தாண்டாது. ஒவ்வொருவரும் தன் இடத்தில் கட்ட வேண்டும் என்றும் இல்லை. நீளம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வேண்டும்; அந்த அளவு காலி இடம் இருப்பவர் ஒருவர் இடம் தந்தால், நாலு கொட்டகைக்காரர்கள் சேர்ந்து கட்டிக்கொள்ளலாம். கடலை ஒட்டி மட்டும் வேண்டாம். கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது, தூண்டில் வளைவுக்காக ஊர் எத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ரேம்ப்பில் எது முடியும்? கிரீஸ், ஆயில், சேசிஸ் பார்ப்பது, துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது, சைலன்சர், பிரேக் குழாய், கியர் பாக்ஸ் இறக்குவது. எது முடியாது? சக்கரத்தைக் கழற்றும் வேலை. பிரேக் ஷூ, கமான் பட்டை மாற்றுவது, ஷாக் அப்சார்பர் போன்றவை. அதற்குத் தரையில் தகடு, ஜாக்கி, ஸ்டாண்ட் போதும். அந்த வேலைக்கு உடம்பு முழுக்க உள்ளே போக வேண்டியதில்லை. மூன்று சக்கர லோடு ஆட்டோ ரேம்ப்பில் ஏறாது, முன் சக்கரத்துக்கு நடுவில் சுவர் இல்லையே. அதை நீங்கள் வழக்கமாகச் செய்வதுபோல ஒருக்களித்துச் சாய்த்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலும் லிஃப்ட் வேண்டும் என்றால், ஊருக்கு ஒன்று. வள்ளம் இழுக்கும் டிராக்டரை இந்தக் கரையில் ஆளுக்கொன்றா வாங்கி வைத்திருக்கிறோம்? ஒரு டிராக்டர் நிற்கிறது, இழுப்புக்கு இவ்வளவு என்று கொடுக்கிறோம். லிஃப்டும் அப்படியே ஓடட்டும். ஒரு நல்ல லிஃப்ட், முறையான தரை, மூன்று பேஸ் இணைப்பு, உயரமான கூரை எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு பேருக்குத் தலைக்கு 50,000. முத்ரா கடனில் சிசு என்ற பிரிவின் உச்ச வரம்பே அதுதான். அடமானம் கேட்கக் கூடாது. பெரிய அளவில் செய்ய நினைப்பவர்கள் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். கிராமப்புறத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கும் சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் 35 சதவீதம் மானியம் என்பது அதன் விதி. கடன் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் வாங்க வேண்டாம்.

சேர்ந்து வாங்கும்போது எந்த லிஃப்ட்? இங்கே என் கருத்து கடைக்காரர் சொல்வதற்கு நேர் எதிர். அவர் இரண்டு காலைத்தான் காட்டுவார், ஏனென்றால் ஊர் உலகமெல்லாம் அதுதான் ஓடுகிறது. இரண்டு கால் லிஃப்ட் வண்டியைச் சேசிஸில் பிடித்துத் தூக்குகிறது. நம் வண்டிகளில் போனதே சேசிஸ்தான். துரு தின்ற இடத்தில் பேட் உட்கார்ந்தால், தகடு உள்ளே மடங்கி வண்டி சரியும். நாலு கால் லிஃப்டில் வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கும். விலை கூடுதல், இடமும் கூடுதல். ஆனாலும் மீன் வண்டிக்கு அதுதான் பொருத்தம். நடுவில் சக்கரத்தை மட்டும் எழுப்ப ஒரு பாலம் ஜாக்கி தனியாக வாங்கிக்கொண்டால் பிரேக் வேலையும் முடியும். கயிறு நாலு காலுக்கும் ஓடுவதால் கயிற்றுச் சோதனை இரட்டிப்பு வேலை என்பதை மறைக்க மாட்டேன். இரண்டு கால்தான் வாங்குவோம் என்று முடிவெடுத்தால், ஒவ்வொரு வண்டியையும் ஏற்றும் முன் பேட் உட்காரும் நாலு இடத்தையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். தின்றுபோன இரும்பு மொத்தென்று கேட்கும், அல்லது சுத்தியல் உள்ளே போய்விடும். அந்த வண்டி லிஃப்டில் ஏறக் கூடாது, ஓனர் எவ்வளவு அவசரப்பட்டாலும். பெட்டியில் ஐஸ் தண்ணீரோடு எந்த வண்டியும் ஏறக் கூடாது. தண்ணீர் ஒரு பக்கம் ஓடினால் எடையும் ஓடும்.

ஒரு பழக்கத்தைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு கிரேனிலும், ஒவ்வொரு கொக்கியிலும், எவ்வளவு தூக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். கப்பல் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. நான் வேலையில் இருந்தபோது அதன் விதிகளின்படி தூக்குக் கருவி வருடத்துக்கு ஒரு முறை முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எடை ஏற்றிப் பார்க்கப்பட வேண்டும் என்று இருந்தது. பதிவேடு இல்லாமல் கருவி அசையாது. மூன்று பேர் வேலை பார்க்கும் உங்கள் கொட்டகைக்கு அந்தச் சட்டம் எதுவும் வராது. வராததால்தான் சொல்கிறேன், ஒரு நோட்டுப் போடுங்கள். யார் லிஃப்டைத் திறந்தது, கயிற்றை எப்போது துடைத்துக் கிரீஸ் போட்டது, எந்தப் போல்ட்டை முறுக்கியது, தேதியோடு. சேர்ந்து வாங்கிய பொருளில் சண்டை வருவதும் அதனாலேயே குறையும். சாவி ஒருவரிடம் இருக்கட்டும், ஊர்க் கமிட்டியிடம் வேண்டாம். கமிட்டி மாறினால் சாவியும் தொலையும்.

வண்டி ஓனர்மார் யாராவது இதை வாசித்தால் ஒரு வார்த்தை. மீன் பெட்டிக்கு அடியில் தண்ணீர் வடியும் இடத்தில் ஒரு குழாய் செருகி, சேசிஸைத் தாண்டி வெளியே விழும்படி விடுங்கள். ராத்திரி வண்டி நிறுத்தும்போது அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மெக்கானிக்குக் கூலி கொடுக்கும்போது ரேம்ப் வாடகைக்கும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் வண்டிக்கு அடியில் போகிறவனும் உங்கள் ஊர்ப் பிள்ளைதான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு, பஸ் ஸ்டாப் பக்கத்து வேப்ப மரத்தடியில் இருப்பேன். வருகிறவர்கள் மூன்று கணக்கு கொண்டு வாருங்கள். போன வருடம் உங்களிடம் வந்த வண்டிகள் என்னென்ன, எத்தனை. அதில் சக்கரம் கழற்றாமல் முடிந்த வேலை எத்தனை. கொட்டகை நீள அகலமும் கூரை உயரமும். அட்வான்ஸ் கொடுப்பதாக யாரிடமாவது சொல்லியிருந்தால், ஞாயிறு வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். கொத்தனாரையும் வரச் சொல்லியிருக்கிறேன். டேப் அவர் கொண்டு வருவார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
பழைய கிரேன் பிட்டர்